பல் கார்டில் 75, 36, கே... எது விழும் பல், எது விழாத பல்?

குடமுருட்டிக்கரை கேட்டது:

வணக்கம். வலங்கைமான் பக்கத்து அங்கன்வாடியிலிருந்து எழுதுகிறேன். நடமாடும் மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பார்த்துக் கார்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும். அதற்கப்புறம் "இதுல என்ன எழுதியிருக்கு?" என்ற கேள்வி எங்களிடம்தான் வரும். பல் பகுதியில் வெறும் எண்கள். பால் பல் மொத்தமே 20 என்றால் 54, 64, 75 எல்லாம் எங்கிருந்து வந்தன?

குறிப்பாக ஒரு பையன். வயது ஆறரை, ஒன்றாம் வகுப்பு. தங்கை எங்கள் மையத்தில் இருக்கிறாள். அவன் பள்ளி முகாம் கார்டில் "75 சீழ், 36 சொத்தை" என்று இருக்கிறது. கும்பகோணத்தில் ஒரு கிளினிக்கில் காட்டியதற்கு, சீட்டில் கூட்டல் குறி போல் கோடு போட்டு ஒரு மூலையில் ஆங்கில "ஈ" எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மாமாவுக்கு எக்ஸ்-ரே போட்டோ அனுப்பியதில் அங்கே ஒரு டாக்டர் "கே பல்" என்றாராம். இது மூன்று பல்லா, ஒரே பல்லா?

அம்மா சொல்வது: "ரெண்டும் பால் பல்லுதானேக்கா, விழுந்து முளைக்கும்." அப்பாயி இன்னும் உறுதியாகச் சொல்கிறார். 36 இருக்கும் இடத்தில் இதுவரை எந்தப் பல்லும் விழவில்லை என்பதுதான் அவர்கள் காட்டும் ஆதாரம்.

வேறு இரண்டு வீட்டுக் கேள்விகளும் உண்டு. 13 மாதக் குழந்தைக்கு ஒரு பல்கூட இல்லை. இன்னொரு குழந்தைக்கு மேல் பல் முதலில் முளைத்துவிட்டது, "மாமனுக்கு ஆகாது" என்று வீட்டில் ஒரே பேச்சு. காய்ச்சல், பேதி எது வந்தாலும் "பல்லு முளைக்குது" என்று விட்டுவிடுகிறார்கள். தாய்மாருக்கு எப்படிச் சொல்வது?

---

பல்லாங்குழி (குழந்தைகள் பல் மருத்துவம்):

36 விழாது. அது வாழ்நாள் பல். இந்த வாரமே காட்டச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

இனி எண் கதை. அதை எழுபத்தைந்து என்று படிக்கக் கூடாது, "ஏழு, ஐந்து" என்று படிக்க வேண்டும். வாயில் 75 பல் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், கொள்ளிடத்து முதலைக்கே அவ்வளவு கிடையாது.

முதல் எண் இடம். வாயை நடுக்கோட்டில் செங்குத்தாகவும், மேல்வரிசை கீழ்வரிசைக்கு இடையில் குறுக்காகவும் பிரித்தால் நான்கு கட்டம். பால் பல்லுக்கு மேல் வலது 5, மேல் இடது 6, கீழ் இடது 7, கீழ் வலது 8. நிரந்தரப் பல்லுக்கும் அதே சுற்று, ஆனால் 1, 2, 3, 4. வலது இடது என்பது குழந்தையினுடையது. எதிரில் உட்கார்ந்து பார்க்கும்போது குழந்தையின் வலது உங்கள் இடது கைப்பக்கம் வரும். கார்டு தப்பாகப் போவதில் பாதி இங்கேதான்.

இரண்டாவது எண் வரிசை. நடுக்கோட்டிலிருந்து காதை நோக்கி எண்ணுங்கள். 1, 2 வெட்டுப்பல். 3 கோரைப்பல், நம் பக்கம் சிங்கப்பல் என்போமே அது. 4, 5 கடைவாய்ப்பல். அத்தோடு பால் பல் தீர்ந்தது. ஒரு கட்டத்துக்கு ஐந்து, நான்கு கட்டத்துக்கு 20.

பால் பல் வரிசையில் ஆறாவது என்று ஒன்று கிடையாது. நடுவிலிருந்து எண்ணி ஆறாவதாக ஒரு பல் நின்றால் அது நிரந்தரப் பல்தான். அது யாரையும் தள்ளிவிட்டு வருவதில்லை. 6 வயதை ஒட்டி, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் காலியாக இருக்கும் ஈற்றில் சத்தமில்லாமல் முளைக்கும். "எதுவும் விழவில்லை, அதனால் பால் பல்" என்று அந்த வீட்டில் சொல்வது தலைகீழ் கணக்கு. எதுவும் விழாமல் முளைத்தது என்பதே அது நிரந்தரப் பல் என்பதற்கு அடையாளம்.

எந்தப் பல் விழுந்து எது வரும் என்று பார்க்க, முதல் எண்ணிலிருந்து 4-ஐக் கழியுங்கள். 75 விழுந்தால் 35 வரும். 51 விழுந்தால் 11. 36-இன் முதல் எண்ணோடு நாலைக் கூட்டினால் 76 வரும், அப்படியொரு பல் கிடையாது. 36-க்கு முன்னோர் இல்லை.

இப்போது ஈ-யும் கே-யும். கூட்டல் குறி போட்ட முறையில் அந்தக் கோடுகளே நான்கு கட்டம். பால் பல்லை எண்ணுக்குப் பதில் ஏ, பி, சி, டி, ஈ என்று நடுவிலிருந்து எழுதுவார்கள். கோட்டுக்குக் கீழே, பார்ப்பவருக்கு வலப்புறம் "ஈ" இருந்தால் கீழ் இடது ஐந்தாவது, அதாவது 75. அமெரிக்க முறை வேறு. அங்கே நடுக்கோட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. மேல் வலது கடைசிப் பல்லில் ஏ என்று தொடங்கி மேல் வரிசை முழுக்க ஓடி, மேல் இடது கடைசியில் ஜே. அங்கிருந்து நேர் கீழே இறங்கினால் கே. அப்படியே கீழ்வரிசையில் திரும்பி வந்து கீழ் வலது கடைசியில் டீ. ஆக கே என்பது கீழ் இடது கடைசிப் பால் பல். அதுவும் 75.

மூன்று சீட்டும் ஒரே பல்லைத்தான் சொல்கின்றன. மாமாவுக்குப் போன படத்தில் 36-ம் பதிவாகியிருக்க வேண்டும், அதைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஒரு எச்சரிக்கை. ஈ என்ற எழுத்து அமெரிக்க முறையிலும் உண்டு, அங்கே அது மேல் வலது நடுப்பல். எழுத்து எழுதிய சீட்டு வந்தால் கோடு இருக்கிறதா என்று பார்க்காமல் பல்லைச் சொல்லாதீர்கள்.

---

வெண்ணாறு (கிராம சுகாதார செவிலியர்):

எண்ணும்போது இன்னொரு இடத்தில் தடுக்கி விழுவோம். பல் முளைப்பது 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் இல்லை. முன்பல் இரண்டும் வந்தபிறகு கோரைப்பல்லைத் தாண்டி முதல் கடைவாய் வந்துவிடும், அதற்குப் பிறகே கோரைப்பல் நடுவில் நுழையும். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு நடுவிலிருந்து மூன்றாவதாக நிற்பது பெரும்பாலும் 4-ம் எண் பல். விரல்விட்டு எண்ணினால் 3 என்று எழுதிவிடுவோம். வடிவத்தைப் பாருங்கள்: மேடு பள்ளத்தோடு அகலமாக இருந்தால் கடைவாய், கூராக ஒற்றை முனை என்றால் கோரை. முன்னால் ஒரு பல் நுழையுமளவுக்கு இடம் விட்டிருக்கும், அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

முளைக்கும் மாதக் கணக்கு இது. கீழ் நடு வெட்டுப்பல் 6 முதல் 10. மேல் நடு 8 முதல் 12. மேல் பக்க வெட்டுப்பல் 9 முதல் 13, கீழ் பக்கம் 10 முதல் 16. முதல் கடைவாய் மேலே 13 முதல் 19, கீழே 14 முதல் 18. கோரைப்பல் மேலே 16 முதல் 22, கீழே 17 முதல் 23. கடைசிக் கடைவாய் கீழே 23 முதல் 31, மேலே 25 முதல் 33. இரண்டரை வயது, அதிகம் போனால் மூன்று வயதுக்குள் இருபதும் வந்திருக்கும்.

இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 7 மாதத்தில் தொடக்கம், பிறகு நாலு மாதத்துக்கு நாலு பல் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 11 மாதத்தில் 4, 15-ல் 8, 19-ல் 12, 23-ல் 16, 27-ல் 20. ஆறு மாதம் முன்பின் ஆனாலும் கவலையில்லை.

13 மாதப் பிள்ளைக்கு வருவோம். முதலில் தாய் சேய் நல அட்டையை வாங்கி, எத்தனை வாரத்தில் பிறந்தது என்று பாருங்கள். 32 வாரத்தில் பிறந்த குழந்தை என்றால் இரண்டு மாதத்தைக் கழித்துத்தான் பல்லுக்கு வயது பார்க்க வேண்டும், அப்போது அது 11 மாதம். அப்பா அம்மாவுக்குத் தாமதமாக முளைத்ததா என்றும் கேளுங்கள், குடும்பத்தில் ஓடும். ஈற்றைச் சுத்தமான விரலால் தடவினால் கீழ் முன்பகுதி தடித்து மேடாக இருந்தால் பல் பக்கத்தில்தான் இருக்கிறது. இதெல்லாம் சரியாக இருந்து, எடை ஏறி, உட்கார்ந்து நிற்கிற பிள்ளை என்றால் காத்திருக்கலாம். ஆனாலும் ஒரு வயது தாண்டியும் ஒன்றுகூட இல்லாததால் ஒரு தடவை பல் மருத்துவரிடம் காட்டிவைப்பது நல்லது. 18 மாதம் ஆகியும் ஒன்றும் இல்லை என்றால் கட்டாயம் அனுப்புங்கள். உச்சிக்குழி இன்னும் பெரிதாகத் திறந்திருக்கிறது, கால் வளைந்திருக்கிறது, வளர்ச்சி பின்தங்குகிறது, நாக்கு தடித்து வெளியே நிற்கிறது, இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் 18 மாதம்வரை பார்க்க வேண்டியதில்லை. தைராய்டு குறைவு, வைட்டமின் டி குறைவு இரண்டிலும் பல் தாமதமாகும், டவுன் குறைபாட்டிலும் ஆகும். இங்கே பல் ஒரு தகவல்தான், பார்க்க வேண்டியது குழந்தையை.

மேல் பல் முதலில் வருவது வரிசை மாற்றம், நோயில்லை. மாமனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த வீட்டில் மாமனையே அழைத்துவந்து குழந்தையை மடியில் வைத்து பல்லைத் துடைக்கச் சொன்னால் பேச்சு அடங்கும்.

காய்ச்சல்தான் பெரிய தலைவலி. பல் முளைக்கும்போது எச்சில் வழியும், ஈறு சிவக்கும், கையில் கிடைத்ததைக் கடிக்கும், இரண்டு மூன்று நாள் சிணுங்கும். உடம்பு லேசாகச் சுடலாம். 100.4 டிகிரிக்கு மேல் போனால் அது பல் காய்ச்சல் இல்லை, வேறு காரணம் தேட வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைகிறது, அதே சமயத்தில் தவழ ஆரம்பித்துத் தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கிறது. பேதி அங்கிருந்து வருகிறது, பழி பல்லுக்குப் போகிறது. 9 மாதத் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரும் காய்ச்சலையும் பல் என்றே சொல்வார்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்து கொல்லையில் தண்ணீர் நிற்கும்போது வரும் காய்ச்சலைப் பல் என்று மூன்று நாள் விட்டுவைப்பது ஆபத்து, டெங்குவாக இருக்கலாம்.

ஈற்றில் வசம்பு உரசித் தடவுவது, தேன் தடவுவது, மரப்பு ஜெல் பூசுவது மூன்றும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. மரப்பு ஜெல்லில் பென்சோகெய்ன் இருந்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடும், இரண்டு வயதுக்குள் அது பெரிய ஆபத்து. துவைத்த பருத்தித் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக் கடிக்கக் கொடுத்தால் போதும். முளைக்கும் இடத்தில் நீலமாக ஒரு குமிழ் தெரிந்தால் குத்தி உடைக்க விடாதீர்கள். பல்லுக்கு மேல் ரத்தம் தேங்கியிருக்கும், பல் வெளியே வந்ததும் தானே போய்விடும்.

---

அரசலாறு (பல் மருத்துவக் கல்லூரியில் பல் உருவியல் கற்பித்தல்):

"விழப்போற பல்லுதானே" என்ற பேச்சுக்குப் பதில் சொல்ல, பால் பல்லின் கட்டுமானம் தெரிந்திருந்தால் நல்லது. அது பெரிய பல்லின் குட்டிப் பிரதி இல்லை.

வெளிப்பூச்சான எனாமல் பால் பல்லில் சுமார் 1 மி.மீ. கனம்தான். நிரந்தரப் பல்லில் 2 முதல் 2.5 மி.மீ. அதற்கு அடியில் உள்ள டென்டினும் மெல்லியது. உள்ளே ரத்தக்குழாயும் நரம்பும் இருக்கும் அறை மட்டும் பல்லின் அளவுக்குப் பெரியது, அதன் கொம்புகள் மேற்பரப்புக்கு மிக அருகில் ஏறி நிற்கும். கடைவாய்ப்பல்லில் முன்பக்கக் கொம்பு இன்னும் மேலே. சொத்தை விழுந்தால் நரம்பைத் தொட அதிக தூரம் இல்லை. வெளியே கடுகளவு ஓட்டை, உள்ளே சீழ் என்பது இதனால்.

அடுத்தடுத்த இரண்டு பால் கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடும் இடம் புள்ளியாக இல்லாமல் அகலமாக, தட்டையாக இருக்கும். சோறு அங்கே அடைந்தால் நாக்காலும் எடுக்க முடியாது, பிரஷும் போகாது. 54-க்கும் 55-க்கும் நடுவில், 74-க்கும் 75-க்கும் நடுவில் சொத்தை தொடங்கினால் மேலிருந்து பார்க்கும்போது பல் முழுசாகவே தெரியும். பல்லின் ஓரத் திட்டு சாம்பல் நிறமாக மங்குவதுதான் முதல் துப்பு.

வேர் விஷயம் இன்னும் சுவையானது. பால் கடைவாய்ப்பல்லுக்கு மேல்வரிசையில் மூன்று வேர், கீழ்வரிசையில் இரண்டு. வேர்கள் பிரியுமுன் ஒன்றாக நிற்கும் அடித்தண்டு என்று ஒன்று அநேகமாக இல்லாமல், கழுத்திலேயே பிரிந்து நண்டுக் கால் மாதிரி அகன்று வளையும். அந்தக் கால்களுக்கு நடுவில்தான் பின்னால் வரப்போகும் நிரந்தரப் பல்லின் மொட்டு உட்கார்ந்திருக்கிறது. 75-இன் வேர்களுக்கிடையே 35. நரம்பு அழுகினால் சீழ் பெரும்பாலும் வேர் நுனிவரை போவதில்லை, வேர் பிரியும் இடத்தில் உள்ள நுண்துளைகள் வழியாகப் பக்கவாட்டிலேயே கசியும். ஈற்றில் கொப்புளம் பல்லின் கழுத்துக்கு அருகிலேயே வருவது அதனால். சீழ் தேங்கும் இடமும் மொட்டின் இடமும் ஒன்று. நாட்பட்டால் பின்னால் வரும் 35 பழுப்புத் திட்டோடு, குழி விழுந்த எனாமலோடு முளைக்கலாம்.

வடிவத்தால் ஏமாறும் ஓர் இடமும் சொல்லிவிடுகிறேன். 75-ம் 36-ம் அச்சு அசல் அண்ணன் தம்பி. மேடுகளின் எண்ணிக்கை, பள்ளங்களின் ஓட்டம் எல்லாம் ஒன்று, அளவு மட்டும் வேறு. மேலே 55-ம் 16-ம் அப்படியே. அதனால்தான் வீட்டில் "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே" என்கிறார்கள். நிறத்தைப் பாருங்கள்: பால் பல் பால் வெள்ளை, நிரந்தரப் பல் லேசான மஞ்சள். முன்பல்லில் இது இன்னும் எளிது. புதிதாக முளைத்த நிரந்தர வெட்டுப்பல்லின் விளிம்பு ரம்பம் போல் மூன்று சிறு முனைகளோடு இருக்கும், பால் வெட்டுப்பல்லின் விளிம்பு வழவழப்பாக நேராக இருக்கும். மேல் நடுப் பால் பல் உயரத்தைவிட அகலம் கூடியது, சுமார் 6 மி.மீ. உயரம், 6.5 மி.மீ. அகலம். வாயில் வேறு எந்த முன்பல்லும் அப்படி இல்லை.

முதல் பால் கடைவாய்ப்பல், குறிப்பாகக் கீழே 74, 84, வேறு எதற்கும் சாயல் இல்லாத தனிப்பிறவி. கன்னப்பக்கக் கழுத்தில் ஒரு திண்டு பிதுங்கி நிற்கும். முகாமில் புதிதாகப் பார்ப்பவர்கள் அதைப் பல்லில் படிந்த காரை என்று சுரண்டுவதுண்டு.

---

வீரசோழன் (பொதுப் பல் மருத்துவம்):

எல்லாம் சரி. ஆனால் படிக்கும் தாய்மார் பால் பல்லைப் பிடுங்குவதே பாவம் என்று நினைத்துவிடக் கூடாது. வேருக்கு நடுவில் எலும்பு கரைந்து, பல் ஆடி, திரும்பத் திரும்ப முகம் வீங்கும் 75-ஐ வாயில் வைத்துக்கொண்டு மாத்திரை மட்டும் வாங்கித் தின்பது பிடுங்குவதைவிட மோசம். ஆன்டிபயாடிக் வீக்கத்தை வடியவைக்கும், காரணம் உள்ளேயே இருக்கும். கன்னம் வீங்கிக் கண்ணுக்குக் கீழேயோ தாடைக்கு அடியிலோ பரவினால், வாய் திறக்க முடியாவிட்டால், விழுங்கச் சிரமப்பட்டால் அன்றைக்கே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். தஞ்சாவூரோ திருவாரூரோ, எது பக்கமோ அங்கே.

---

பல்லாங்குழி:

வீரசோழன் சொன்னது சரி, எனக்கு மறுப்பில்லை. பிடுங்கிவிட்டு "போயிட்டு வாங்க" என்று அனுப்புவதில்தான் சண்டை. 75 விழ வேண்டிய வயது 10 முதல் 12. ஆறரை வயதில் எடுத்தால் நாலைந்து வருடம் அந்த இடம் காலி. பின்னால் நிற்கும் 36 சும்மா இருக்காது, முன்னால் சாயும். இடம் அடைபடுவது முதல் ஆறு மாதத்தில்தான் அதிகம். 35 வரும்போது கதவு சாத்தியிருக்கும், உள்ளேயே மாட்டிக்கொள்ளும் அல்லது நாக்குப் பக்கம் ஒதுங்கி முளைக்கும்.

இந்தப் பையனுக்கு 36 முளைத்துவிட்டதால் வழி எளிது. எக்ஸ்-ரேயில் எலும்பும் வேரும் தேறினால் பால் பல்லுக்கான வேர் சிகிச்சை செய்து ஸ்டீல் கேப் போடலாம். தேறாவிட்டால் எடுத்துவிட்டு 36-இல் வளையம் மாட்டி 74 வரை நீளும் கம்பி, அதாவது இடம் காக்கும் கருவி. 36 நன்றாக வெளியே வந்திருந்தால்தான் வளையம் நிற்கும். கருவியைப் போட்டு மறந்துவிடவும் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமென்ட் கழன்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கழன்றால் அடியில் சோறு தங்கி 36-ஐயே தின்றுவிடும்.

இடக் கணக்கில் ஒரு விஷயம். 75-இன் அகலம் சுமார் 10 மி.மீ., அதன் இடத்தில் வரும் 35 சுமார் 7. பால் கோரைப்பல், இரண்டு கடைவாய் மூன்றையும் சேர்த்து அளந்தால், பின்னால் வரும் மூன்றைவிடக் கீழே ஒரு பக்கத்துக்கு சராசரியாக 1.7 மி.மீ., மேலே 0.9 மி.மீ. கூடுதல். முன்பல்லில் நேர்மாறு, வருவது பெரிது. அதனால் நாலு வயதில் முன்பல் நடுவே சந்து இருந்தால் நல்லது. "பல்லு சந்து சந்தா இருக்கே" என்று வருத்தப்பட்டு வருகிறவர்களைச் சிரித்து அனுப்புங்கள். முத்து கோத்ததுபோல் நெருக்கமாக இருக்கும் பிள்ளைக்குத்தான் பின்னால் நெரிசல்.

36-இன் சொத்தை பள்ளத்தில் மட்டும் இருந்தால் ஒரே உட்காரலில் அடைத்துவிடலாம். வலதுபக்கம் 46, மேலே 16, 26 முளைத்திருந்தால் அவற்றின் பள்ளங்களுக்கும் சீலன்ட், அதாவது பள்ளத்தை மூடும் பூச்சு, பூசச் சொல்லுங்கள். ஊருக்குப் பக்கத்தில் வசதி இல்லை என்றால் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு.

---

குடமுருட்டிக்கரை:

ரொம்ப நன்றி. பையனின் அம்மாவிடம் நடுவிலிருந்து விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். ஆறாவது என்றதும் அவரே "அப்ப இது விழாதா?" என்றார். நாளை கிளம்புகிறார்கள்.

இன்னும் மூன்று சந்தேகம். மையத்தில் பிள்ளைகளை எப்படிப் பார்ப்பது, வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறார்கள். இரும்புச்சத்து மருந்து கொடுக்கும் சில பிள்ளைகளுக்குப் பல்லில் கறுப்புக் கோடு இருக்கிறது, சொத்தையா? ஒரு பிள்ளைக்குக் கீழ் முன்பல்லுக்குப் பின்னால் இன்னொரு வரிசை முளைக்கிறது, பிடுங்க வேண்டுமா?

---

வெண்ணாறு:

நீங்களும் அம்மாவும் முட்டிக்கு முட்டி இடிக்க எதிரெதிரே உட்காருங்கள். பிள்ளை அம்மா பக்கம் முகம் பார்த்து அவர் இடுப்பில் கால் போட்டு உட்காரட்டும். அப்படியே பின்னால் சாய்த்துத் தலையை உங்கள் மடியில் வாங்குங்கள். கையை அம்மா பிடித்துக்கொள்வார். அழுதால் நல்லதே, வாய் தானாகத் திறக்கும். மேல் உதட்டை விரலால் தூக்குங்கள், கன்னத்தை ஒதுக்குங்கள், டார்ச் அடியுங்கள். அரை நிமிஷ வேலை.

முதலில் பார்க்க வேண்டிய இடம் மேல் முன்பல் நாலும் ஈற்றோடு சேரும் ஓரம். அங்கே சுண்ணாம்பு தடவியதுபோல் மங்கலான வெள்ளைக் கோடு இருந்தால் சொத்தையின் தொடக்கம். ஈரத்தில் தெரியாது, துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். சர்க்கரை போட்ட பால் புட்டியோடு தூங்கும் பிள்ளைகளுக்கு மேல் நாலும் போகும், கீழ் நாலு தப்பிக்கும். கீழ்ப்பல்லை நாக்கு மூடிக்கொள்கிறது, எச்சிலும் அங்கே தேங்குகிறது. காபியில் ரஸ்க் தோய்த்து ஊட்டும் வீடுகளில் கடைவாயையும் சேர்த்துப் பாருங்கள். வெள்ளைக் கோட்டு நிலையில் அனுப்பினால் ஃப்ளோரைடு பூச்சிலேயே நிறுத்திவிடலாம்.

கறுப்புக் கோட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வழவழப்பாகக் கெட்டியாக, ஈற்றோரமாகப் பல பற்களில் ஒரே மாதிரி இருந்தால் அநேகமாக இரும்பு மருந்துக் கறை, பல் மருத்துவர் தேய்த்து எடுத்துவிடுவார். குழி விழுந்தாலோ மெத்தென்று இருந்தாலோ சொத்தை. மருந்தை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். வாரம் இருமுறை கொடுக்கும் 1 மி.லி.-யை நாக்கின் பின்பக்கமாக விட்டு, உடனே தண்ணீர் கொடுங்கள்.

பேஸ்ட் அளவும் சொல்லிவிடுங்கள். முதல் பல் வந்த நாளிலிருந்து அரிசி மணியளவு, மூன்று வயதுக்கு மேல் பட்டாணியளவு. சொல்லும்போது குறுணை அரிசியா பொன்னி அரிசியா என்று கேட்பார்கள், பொன்னி என்றே சொல்லுங்கள்.

---

பல்லாங்குழி:

இரட்டை வரிசை 6, 7 வயதில் சகஜம். நிரந்தரக் கீழ் வெட்டுப்பல் நாக்குப் பக்கமாகத்தான் உருவாகிறது, பால் பல்லின் வேர் முழுதாகக் கரையுமுன் எட்டிப்பார்த்துவிடும். முன்னால் இருப்பது ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் பிள்ளையையே நாக்கால் தள்ளச் சொல்லுங்கள், அது விழுந்ததும் பின்னால் இருப்பதை நாக்கே முன்னால் தள்ளிக்கொண்டு வந்துவிடும். இரண்டு மூன்று மாதம் ஆகியும் அசையாமல் கல்லாக நின்றால் எடுக்கலாம். நூல் கட்டி இழுக்கிறேன் என்று வேர் முழுசாக உள்ள பல்லை இழுக்க விடாதீர்கள். மேல் வரிசையில் பின்னால் முளைத்தால் காத்திருக்க வேண்டாம், கீழ்ப்பல்லுக்கு உட்புறமாக மாட்டிக்கொண்டால் தானே வெளியே வராது.

கேட்காவிட்டாலும் ஒன்று. திண்ணையிலிருந்து விழுந்து பால் பல் முழுசாகக் கழன்று கையில் வந்தால் திரும்பக் குழியில் செருகக் கூடாது, உள்ளே இருக்கும் மொட்டு நசுங்கும். 7, 8 வயதில் நிரந்தரப் பல் கழன்றால் நேர்மாறு: வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து லேசாகக் கழுவி உடனே குழியில் வைக்க வேண்டும், முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். எது எது என்று அந்த நேரத்தில் தெரிய, விளிம்பில் ரம்பமும் மஞ்சளும் என்று மேலே அரசலாறு எழுதியதை நினைவில் வையுங்கள்.

---

குடமுருட்டிக்கரை:

பழைய கார்டுகளை எடுத்து மறுபடி பார்த்தேன். 20 மாதப் பிள்ளை ஒன்றுக்கு "53 சொத்தை" என்று இருந்தது. இன்று மடியில் போட்டுப் பார்த்தால் அகலமான பல், மேலே மேடு பள்ளம், முன்னால் காலி இடம். 54 என்று திருத்திக்கொள்ளலாமா?

---

பல்லாங்குழி:

54தான். கார்டில் அடிக்காமல் பக்கத்தில் "மேல் வலது முதல் கடைவாய்" என்று தமிழிலும் எழுதிவிடுங்கள், அடுத்த குழுவுக்கு உதவும். நாளைக்கே உதட்டை ஒதுக்கி 64-ஐயும் பாருங்கள். இந்த வயதுச் சொத்தை ஒரு பக்கத்தோடு நிற்பது அபூர்வம்.